எந்திரிச்சா தலை ஏன் சுத்துது?

எல்லாருக்கும் வணக்கம். இதைக் கேக்குறவங்கள்ல சில பேரு படுத்திருப்பீங்க, சில பேரு உக்காந்திருப்பீங்க, அடுப்படில நின்னுக்கிட்டே கேக்குறவங்களும் இருப்பீங்க. படுத்திருக்கறவங்க அவசரப்பட்டு எந்திரிக்காதீங்க, உங்களப் பத்திதான் பேசப்போறேன்.

படுத்திருந்து எந்திரிச்சு நின்னோம்னா, அரை லிட்டர் பால் பாக்கெட் இருக்குல்ல, அந்த அளவு ரத்தம், சில பேருக்கு அதுக்கும் மேலயே, நெஞ்சுலருந்து காலுக்கும் வயித்துக்கும் இறங்கிடும். இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் குறையும், அது வெளிய தள்றதும் குறையும், பிரஷர் இறங்கும். அப்படிப் பாத்தா தினமும் காலைல நாம எல்லாருமே கட்டில் பக்கத்துலயே விழுந்து கெடக்கணும். விழறதில்ல.

ஏன்னா கழுத்துல, தாடை முனைக்குக் கொஞ்சம் கீழ, மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியுற எடத்துல ஒரு காவக்காரன் இருக்கான். ரெண்டு பக்கமும் இருக்கான். இதயத்துலருந்து கிளம்புற மகா தமனி வளைவுலயும் ஒரு ஆள். குழாயோட சுவர் எவ்வளவு விரியுதுன்னு பாத்து மூளையோட அடித்தண்டுக்கு ஓயாம சேதி அனுப்பிக்கிட்டே இருக்கறதுதான் இவங்க வேலை. இதுல வேடிக்கை என்னன்னா, பிரஷர் இறங்குனா இவங்க கத்த மாட்டாங்க, அமைதியாயிடுவாங்க. நாள் முழுக்க வளவளன்னு பேசுற பக்கத்து வீட்டு அக்கா திடீர்னு சத்தமே இல்லாம இருந்தா என்னாச்சோன்னு எட்டிப் பாப்போம்ல, மூளையும் அப்படித்தான்.

எட்டிப் பாத்துட்டு ரெண்டு வேலை செய்யும். ஒண்ணு, பிரேக்க விடும். நம்ம இதயத்த எந்த நரம்பும் கட்டுப்படுத்தாம விட்டா நிமிஷத்துக்கு 100 தடவை கிட்ட துடிக்கும், வேகஸ்னு ஒரு நரம்பு பிரேக் போட்டு வச்சிருக்கறதாலதான் 70ல ஓடுது. அந்தப் பிரேக்க விட்டா அடுத்த ஒண்ணு ரெண்டு துடிப்புலயே வேகம் ஏறிடும். ரெண்டாவது, ரத்தக்குழாய்கள இறுக்கறது, அதுக்குச் சில செகண்ட் பிடிக்கும். அந்தச் சில செகண்ட்லதான் உங்களுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது.

1733ல இங்கிலாந்துல ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு பாதிரியார், குதிரையோட தமனில கண்ணாடிக் குழாயச் சொருகிப் பாத்ததப் புத்தகமா போட்டாரு. ரத்தம் 8 அடிக்கு மேல ஏறி நின்னுச்சாம். நின்னுச்சுன்னு சொல்றது தப்பு, நிக்கவே இல்ல, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. இத ஏன் சொல்றேன்னா, "சார், எனக்கு பிரஷர் 140"ன்னு வீட்டுக் கதவு நம்பர் மாதிரி சொல்றவங்களப் பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு. எப்ப எடுத்தது? மாடிப்படி ஏறி வந்த உடனேயா? பேசிக்கிட்டே எடுத்தீங்களா? அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு எடுத்தீங்களா?

சரி, என் கதைக்கு வர்றேன். பிசியாலஜி வாத்தியார் ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடி, ஸ்கூல்ல என்சிசி, ஆகஸ்ட் 15 பரேடு. வெயில்ல ஆடாம அசையாம நிக்கணும். கெண்டைக்கால் சதை அசைஞ்சாத்தான் காலுல தேங்குன ரத்தம் மேல ஏறும், அது அசையல. வெயிலுக்குத் தோல்ல இருக்குற குழாயெல்லாம் வேற விரிஞ்சு கெடக்கு. ஒரு கட்டத்துல நான் சொன்ன ஏற்பாடு அப்படியே தலைகீழாத் திரும்பிடும், இதயம் வேகமெடுக்கறதுக்குப் பதிலா மெதுவாகும், இறுகி இருந்த குழாய் தளரும். பொத்துன்னு விழுந்தேன். விழுந்தது நல்லதுதாங்க! படுத்துட்டா தலையும் இதயமும் ஒரே மட்டம், ரத்தம் தானா வந்துடும். ஆனா ரெண்டு பேரு ஓடி வந்து என்னத் தூக்கி, நாற்காலில நிமித்தி உக்கார வச்சு, மூஞ்சில சோடா அடிச்சாங்க. கண்ணத் தொறந்தேன், மறுபடி மயக்கம். மறுபடி தூக்கி உக்கார வச்சாங்க! மூணாவது தடவை சமையக்கார அம்மா ஒருத்தங்க வந்து "அட, புள்ளையப் படுக்க வைங்கடா"ன்னு சத்தம் போட்டாங்க, அதுக்கப்புறம்தான் பொழைச்சேன். படுக்க வைங்க. திரும்பவும் சொல்றேன், மயங்கி விழுந்தவங்களத் தூக்கி உக்கார வைக்காதீங்க, படுக்க வச்சு காலக் கொஞ்சம் தூக்கி வைங்க. ஒரு நிமிஷத்துல தெளியலன்னா 108க்குக் கூப்பிடுங்க.

அய்யோ, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரெண்டு வெரலக் காட்றாங்க. வேகமா சொல்லிடறேன். வயசானா இந்தக் காவக்காரங்க மந்தமாயிடுவாங்க, சுகர் நரம்பப் பாதிச்சவங்களுக்கும் அப்படித்தான். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சிலதும் சேந்துக்கும். ராத்திரி பாத்ரூம் போக எந்திரிக்கிறப்ப கட்டில் ஓரத்துல உக்காந்து, காலத் தொங்கப் போட்டு நாலு தடவை ஆட்டிட்டு அப்புறம் நில்லுங்க. நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் 20 இறங்குனா டாக்டர்கிட்ட சொல்லணும், நீங்களா மாத்திரைய நிறுத்தக்கூடாது. அப்புறம், பிரஷர் ஒசரத்துலயே ரொம்ப நாள் இருந்துச்சுன்னா இந்தக் காவக்காரங்க அதுக்குப் பழகிப்போய் அதையே சரின்னு நெனச்சுக்குவாங்க, அதனாலதான் நாள்பட்ட கணக்க கிட்னி பாத்துக்குது, அந்தக் கிட்னி கதையத்தான் இன்னைக்கு முக்கியமா சொல்லணும்னு எழுதிட்டு வந்தேன், பேப்பர் கையிலயே இருக்கு... சரி சரி, முடிச்சுட்டேன். வணக்கம்.