நம்ம ஊர் ரயிலுக்குப் பாரம்பரியம் உண்டா? ஒரு கேள்விக்குப் பதில்

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, நீங்கள் வரைகிற படங்களில் பாதிக்கு மேல் ரயில்தான். ஆனால் புகை விடுகிற கரி எஞ்சின் ஒன்றுகூட இல்லையே? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் பாரம்பரியம் என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா?”

கரி எஞ்சின் ஓடி நான் கண்ணால் பார்த்தது கிடையாது தம்பி. பார்க்காததை வரைந்தால் காலண்டர் படம் மாதிரி ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம்.

இனி பாரம்பரியம். நெல்லைக்கு 1876-லேயே ரயில் வந்தாயிற்று. திருவனந்தபுரத்துக்கு 1918-ல். நடுவில் கிடந்த நாம்தான் பஸ்ஸை நம்பி இருந்தோம். 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்து, அப்புறமும் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து, 1979 ஏப்ரலில்தான் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வண்டி ஓடியது. நெல்லைப் பாதை 1981-ல். அப்போதும் சென்னைக்கு நேராகப் போக முடியாது. நம்முடையது அகலப்பாதை, நெல்லைக்கு வடக்கே அதைவிடக் குறுகலான மீட்டர் பாதை. பெட்டி படுக்கையோடு நெல்லையில் இறங்கி வண்டி மாற வேண்டும்.

அதனால் முதல் வண்டியைப் பார்த்தவர்கள் இன்றும் நம்ம வீடுகளில் இருக்கிறார்கள். எங்கள் அம்மா என் வயதைச் சொல்வதே, “ரயில் வந்தப்ப இவன் கைப்பிள்ளை” என்றுதான். இரணியலில் கூட்டத்தோடு கூட்டமாக என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாராம். ஹாரன் அடித்ததும் நான் போட்ட கூப்பாட்டில் அவர் வண்டியைச் சரியாகவே பார்க்கவில்லை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

எனக்குக் கிறுக்குப் பிடித்தது நாகர்கோவில் ஜங்ஷனில். அப்பாவுக்குப் பக்கத்தில்தான் கடை. அந்த ஸ்டேஷனுக்குள் திருவனந்தபுரம் பாதையும் நெல்லைப் பாதையும் ஒரே பக்கமாக வந்து நுழையும். மறுபக்கம் கன்னியாகுமரிக்குப் போகும். ஆகவே திருவனந்தபுரத்திலிருந்து நெல்லைக்குப் போகிற வண்டி உள்ளே வந்தால், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டினால்தான் கிளம்ப முடியும். ஜங்ஷனுக்குள் வராமல் நாகர்கோவில் டவுன் ஸ்டேஷன் வழியாகவே போய்விடும் வண்டிகளுக்கு இந்த வேலை இல்லை, பார்க்கவும் ஒன்றும் இல்லை.

ஒருவர் குனிந்து பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே நுழைவார். பிரேக் குழாயை எடுத்ததும் ‘புஸ்’ஸென்று காற்று போகும். கொக்கியின் திருகைச் சுற்றிச் சுற்றித் தளர்த்துவார், முழங்கைவரை கிரீஸ். எஞ்சின் தனியாகப் போய், பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றி, மறுமுனையில் ஊர்ந்து வந்து இடிக்கும். ‘டொம்’. அந்தக் குலுக்கு கடைசிப் பெட்டிவரை ஓடும், யாரோ ஒருவர் கையில் இருந்த டீ சட்டையில் கொட்டும். வண்டி கிளம்பியதும் புதிதாக வந்தவர்கள் பதறுவார்கள்: “ஐயோ, வந்த வழியே திரும்புதே!” அந்த முகங்களைப் பார்க்கத்தான் நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவேன். என் படங்களில் எஞ்சினைவிட அந்தக் கிரீஸ் கைதான் அதிகம் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

என் படத்தில் தேதி இல்லாவிட்டாலும் காலம் தெரிந்துவிடும். பெட்டி செங்காவி என்றால் சின்ன வயசு ஞாபகம். நீலம் என்றால் தொண்ணூறுகளுக்குப் பிந்தியது. எல்.எச்.பி. என்கிற புது ரகப் பெட்டி வந்த பிறகு சிவப்பு. மின்கம்பி வந்ததில் மட்டும் எனக்கு வருத்தம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலையும் மலையும் வானமும் சேர்ந்து கிடைக்கிற இடத்தில் குறுக்கே கோடு கோடாக விழுகிறது.

இன்னொன்று, ஐலண்ட் எக்ஸ்பிரஸ். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்கு வருவதால் அந்தப் பெயர் விவேகானந்தர் பாறையைக் குறிக்கிறது என்று நம்ம ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தீவு கொச்சியில் இருக்கிற வெலிங்டன் தீவு. முன்னே அந்த வண்டி அங்கேதான் போய் நிற்கும். விவேகானந்தர் பெயரில் வந்தது திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ், 2011-ல். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நாட்டிலேயே நீளமான ஓட்டம். அது அஸ்ஸாமிலிருந்து வந்து நிற்கும்போது ஜன்னல் கம்பியெல்லாம் செம்மண் படிந்திருக்கும். அதை வரைய எனக்கு நாலு தாள் பிடித்தது, இன்னும் நிறம் சரியாக வரவில்லை.

தம்பி, தக்கலையிலிருந்து ஜங்ஷன் தூரமில்லை. எஞ்சின் மாற்றுகிற வண்டி எப்போது என்று விசாரித்துவிட்டு ஒரு நாள் போய் நில்லுங்கள். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.