நிற்கப் பழகுதல்

நடுவர் அவர்களுக்கும் எதிரணியினருக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘இரக்கம் பிறவிக் குணமா, பழகி வருவதா?’ என்பது தலைப்பு. பழகித்தான் வருகிறது என்ற அணியின் சார்பில் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் ஒரு கேள்வி கேட்டார். அவை அதிரக் கைதட்டியது. “பள்ளிக்கூடத்தில் இரக்கத்துக்கும் ஒரு பாடவேளை வைக்கப் போகிறீர்களா? மணி அடித்ததும் பிள்ளைகள் இரங்க வேண்டும், அடுத்த மணி அடித்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டுமா?” என்றார். நடுவர் அவர்களே, எழுதி வந்த குறிப்புகளை மேசையிலேயே வைத்துவிட்டேன். அந்த மணியைப் பற்றியே பேசுகிறேன். ஏனென்றால் மணிக்கும் இரக்கத்துக்கும் சகோதரர் நினைப்பதைவிட நெருக்கமான தொடர்பு உண்டு.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் உள்ள இறையியல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி, 1973-இல் வெளியிட்டார்கள். மாணவர் ஒவ்வொருவரிடமும், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியன் கதை: கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவனை இரண்டு பெரிய மனிதர்கள் கண்டும் காணாமல் கடந்து போக, யாரோ ஓர் அந்நியன் நின்று காப்பாற்றினான் என்று ஏசுநாதர் சொன்ன கதை. போகிற வழியில் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு வாசற்படியில், தலை தொங்கி, கண் மூடி ஒரு மனிதர் சரிந்து கிடக்கிறார். மாணவர் நெருங்கும்போது இரண்டு முறை இருமுகிறார், முனகுகிறார். அவரை அங்கே உட்கார வைத்தவர்களே ஆய்வாளர்கள்தாம். மாணவருக்கு அது தெரியாது.

இப்போது அந்த மாணவரை நினைத்துப் பாருங்கள். வீதியில் விழுந்து கிடந்தவனுக்கு ஒருவன் உதவிய கதை நெஞ்சில் இருக்கிறது. அதை எப்படித் தொடங்கலாம், எங்கே உருக்கமாகச் சொல்லலாம் என்று யோசித்தபடியே நடக்கிறார். கதையில் கிடந்தவன் இதோ காலடியிலேயே கிடக்கிறான். இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவருக்கு வாய்க்குமா? ஆனால், கதையைச் சொல்லப் போகிற அவசரத்தில் அந்த மனிதரைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போனவர்களும் உண்டு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மொத்தம் 40 மாணவர்களில் ஏதோ ஒரு வகையில் உதவ முன்வந்தவர்கள் 16 பேர்.

அந்த 16 பேரை எது நிறுத்தியது? மனத்தில் இருந்த கதையா? அதனால் உறுதியான வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. நிறுத்தியதும் நிறுத்தாததும் கடிகாரம்! கிளம்பும்போது சிலரிடம் “தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்” என்றார்கள்; சிலரிடம் “சரியான நேரம்தான், போகலாம்” என்றார்கள்; சிலரிடம் “இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன” என்றார்கள். நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவினார்கள். சரியான நேரத்தில் போனவர்களில் நூற்றுக்கு 45 பேர். ஓடச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேர். அதே சந்து, அதே முனகல். மாறியது நேரம் மட்டுமே.

இதைக் கேட்டு எதிரணித் தலைவர் தலையசைக்கிறார். இறையியல் படித்தும் நிற்கவில்லையே, பயிற்சி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஐயா, அந்த மாணவர்கள் இரக்கத்தைப் பற்றிப் பேசப் பழகியிருந்தார்கள், நிற்கப் பழகியிருக்கவில்லை. நீச்சலைப் பற்றி எவ்வளவு படித்தாலும் தண்ணீரில் இறங்காதவருக்கு நீச்சல் வருவதில்லை. இன்னொன்றும் உண்டு: நிற்காமல் போனவர்களில் பலர் போய்ச் சேர்ந்தபோது படபடத்துப் போயிருந்தார்கள். அவர்களுடைய நெஞ்சு கல்லாக இருக்கவில்லை. எதிரணி சொல்லும் அந்தப் பிறவிக் குணம் அவர்களிடம் இருந்தது, தவித்தது, கால்தான் நிற்கவில்லை. நெஞ்சு உருகுவதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உருகிய பிறகு நிற்கிற கால் பழகித்தான் வர வேண்டும்.

தாய்க்கு யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று சகோதரி ஒருவர் கேட்டார். தன் பிள்ளையின் மேல் தாய்க்கு இருப்பது அன்பு. தொடர்பே இல்லாதவரின் மேலும் அது பரவும்போது தமிழ் அதற்கு அருள் என்று தனிப்பெயர் வைத்திருக்கிறது. நாம் வாதிடுவது இரண்டாவதைப் பற்றி.

மணிக்கு வருகிறேன். நான் படித்த பள்ளியில், எட்டாம் வகுப்பில், திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். வரிசையாக எழுந்து பாடம் வாசிக்க வேண்டும். அவன் முறை வரும்போது முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் புத்தகத்தின் ஓரத்தை அழுத்திக்கொண்டே நிற்பான். அவன் புத்தகத்தில் எல்லாப் பக்கங்களின் ஓரமும் சுருண்டிருக்கும். கெட்ட எண்ணத்தோடு சிரித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்ற நாங்கள், பாவம் என்று நினைத்து அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்போம். உதவி செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பினோம். ஒரு நாள் அவன் இல்லாத வேளையில் ஆசிரியை எங்களிடம் சொன்னார்: “அவன் சொல்லை அவனிடமிருந்து பிடுங்காதீர்கள். மெதுவாகச் சொல் என்றும் சொல்லாதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அவன் முடிக்கும்வரை காத்திருங்கள்.” அவ்வளவுதான் பாடம். ஆனால் அதைக் கற்க எங்களுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. உதடு தானாக அசையும், அடக்கிக்கொள்ள வேண்டும். பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகும், அவன் நிறுத்திய வாக்கியத்தை முடிக்கும்வரை ஆசிரியை நகரமாட்டார். நாங்களும் பையை எடுக்கமாட்டோம். சகோதரரே, மணி அடித்தால் இரக்கம் நின்றுவிடுமா என்று கேட்டீர்கள். மணி அடித்த பிறகும் நிற்பதற்குத்தான் அந்த வகுப்பில் எங்களைப் பழக்கினார்கள்.

இதையே திட்டமிட்டுச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 1996-இல் கனடாவின் டொரண்டோ நகரில் மேரி கார்டன் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஒரு கைக்குழந்தையும் அதன் பெற்றோரும் பள்ளி ஆண்டு முழுவதும் அவ்வப்போது வகுப்புக்கு வருகிறார்கள். குழந்தை ஏன் அழுகிறது, எதற்குச் சிணுங்குகிறது என்று மாணவர்கள் உற்றுப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறார்கள். பேசத் தெரியாத உயிர் ஒன்றின் மனத்தைப் படிக்கப் பழகும் பிள்ளை, பக்கத்து இருக்கையில் பேசாமல் இருக்கும் பிள்ளையின் மனத்தையும் கவனிக்கும் என்பது நம்பிக்கை.

ஊர் மக்கள் பழகியதற்கும் சான்று உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவ இயக்கம், பிற்காலத்தில் அக்கம்பக்கத்தாரையே தன்னார்வலர்களாக்கிப் பயிற்சி கொடுத்தது. நோயாளி பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது எப்படி, பொய்யான ஆறுதல் சொல்லாமல் பக்கத்தில் இருப்பது எப்படி என்பதெல்லாம் அந்தப் பயிற்சியில் அடங்கும். இளகிய மனம் உள்ளவர்கள்தாம் தன்னார்வலர்களாக வந்தார்கள். அவர்களுக்கும் பயிற்சி தேவைப்பட்டது.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நிமிடம் மட்டும் கேட்கிறேன்.

என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. சில மாதங்களுக்குப் பிறகு ஒன்றிரண்டு சொற்கள் திரும்பின. ஒவ்வொன்றையும் நெடுநேரம் தேடித்தான் எடுப்பார். எங்கள் வீட்டில் அவர் மேல் பாசம் இல்லாதவர்கள் யாரும் இல்லை. அந்தப் பாசத்தாலேயே, அவர் வாயைத் திறந்ததும் நாலா பக்கமும் குரல் எழும்: “தண்ணீரா அப்பா? வலிக்கிறதா? மின்விசிறியைப் போடவா? மாத்திரையா?” அவர் தலையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமல் கட்டிலருகே நின்றேன். அவர் வாயைத் திறந்தார். வழக்கம்போலக் கேட்க என் உதடும் அசைந்தது. அப்போது ஏனோ அந்தச் சுருண்ட புத்தக ஓரம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் போர்வையைப் பற்றின. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. கடைசியில் அந்தச் சொல் வந்தது.

“உட்கார்.”

அத்தனை நாளும் அவர் கேட்டது அதைத்தான். பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நன்றி, வணக்கம்.