ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(அமெரிக்கத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முதுமையைப் பொருட்படுத்தாமல் நெடுந்தூரம் காரில் வந்து மேடையை அணிசெய்யும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, ஆடல் பாடலுக்கு நடுவே சட்டத்துக்கும் அரைமணி நேரம் ஒதுக்கிய சங்கத் தலைவர் அம்மையார் அவர்களே, பந்தி பரிமாறிவிட்டு இப்போதுதான் வந்து அமர்ந்திருக்கும் தொண்டர்களே, தாய்மார்களே, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களே, வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றித் தம்பி சொன்ன நல்ல சொற்களுக்கு நன்றி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் சொல்கிறேன் என்று நண்பர்கள் குறைப்படுவது உண்டு. சொல்லத்தான் செய்வேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அளக்காமல் போட்ட தண்டனை ஒன்று இருக்கிறது. போதைப்பொருள் விற்றவரிடம் துப்பாக்கியும் இருந்தால் கூடுதலாக விதிக்கும் தண்டனை அது. இந்தச் சட்டம் எப்படிப் பிறந்தது, எப்படி வீங்கியது, அரசு வழக்கறிஞர் கையில் எப்படி ஆயுதமானது என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டில்தான் 924(சி) என்ற இந்தப் பிரிவு வந்தது. குற்றம் செய்யக் கிளம்புகிறவன் துப்பாக்கியையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், ஐயா அவர்களும் தலையசைக்கிறார். துப்பாக்கியோடு போதைப்பொருள் விற்பவன் ஊருக்கே ஆபத்தானவன். அவனுக்குக் கூடுதல் தண்டனை வேண்டும் என்பதே என் கருத்தும்.

ஆனால் எவ்வளவு? வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டுகள், காட்டி மிரட்டினால் 7, சுட்டால் 10. போதைப்பொருள் விற்ற மூலக் குற்றத்துக்கான தண்டனை முடிந்த பிறகே இது தொடங்கும். 2018 வரை, இரண்டாவது குற்றச்சாட்டும் நிரூபணமானால் 25 ஆண்டுகள். அந்த இரண்டாவது, ஒருமுறை சிறை சென்று திரும்பியவர் மறுபடி செய்த குற்றமாக இருக்க வேண்டியதில்லை; ஒரே வழக்கில் அடுத்தடுத்து எழுதப்பட்ட குற்றச்சாட்டாக இருந்தாலே போதும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெல்டன் ஏஞ்சலோஸ் கதையைக் கேளுங்கள். யூட்டா மாநிலத்தில் ஒரு சிறிய இசை நிறுவனம் நடத்திய இளைஞர். சிறு பிள்ளைகளின் தகப்பன். போலீசின் ஆள் ஒருவருக்கு மூன்று முறை கஞ்சா விற்றார். முறைக்கு 8 அவுன்ஸ், ஏறக்குறைய 350 டாலர். முதல் முறை துப்பாக்கி காரில் இருந்தது, அடுத்த முறை கணுக்காலில் கட்டியிருந்தார் என்று அந்த ஆள் சாட்சி சொன்னார். மூன்றாவதாக, வீட்டைச் சோதித்தபோது துப்பாக்கிகள் கிடைத்தன. எந்தத் துப்பாக்கியையும் அவர் யார் மீதும் நீட்டவில்லை. விசாரணை வேண்டாம், குற்றத்தை ஒப்புக்கொள், 15 ஆண்டுகளோடு முடித்துக்கொள்ளலாம் என்றது அரசுத் தரப்பு. மறுத்தார். உடனே குற்றச்சாட்டுகள் பெருகின.

2004 நவம்பரில் தீர்ப்பு. முதல் துப்பாக்கிக்கு 5, இரண்டாவதற்கு 25, மூன்றாவதற்கு 25. மொத்தம் 55 ஆண்டுகள். நீதிபதி பால் கேசல், ஜார்ஜ் புஷ் நியமித்தவர், குற்றவாளிகளிடம் இளகிப்போகிறவர் என்று பெயர் எடுத்தவர் அல்லர். அவரே ஜூரிகளிடம் கருத்துக் கேட்டார். பதில் அனுப்பியவர்கள் சொன்னது சராசரியாக 18 ஆண்டுகள். அதே நாளில், ஒரு மூதாட்டியைக் கட்டையால் அடித்துக் கொன்றவனுக்கு அவர் விதித்தது 22 ஆண்டுகள்தான்! இது கொடூரமானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று தீர்ப்பிலேயே எழுதினார்; தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவரையும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் சட்டம் கையைக் கட்டியிருந்ததால் அந்த 55 ஆண்டுகளை விதிக்கத்தான் வேண்டியிருந்தது. கஞ்சா விற்ற குற்றங்களுக்கு அவர் விதித்தது ஒரே ஒரு நாள். தாய்மார்களே, அளக்க வேண்டியவர் கையில் படியே இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பவர்கள் நாம். இங்கே ஒரு மனிதரின் இளமையையும் நடுவயதையும் முதுமையையும் அளக்காமல் போட்டார்கள்.

ஏஞ்சலோஸ் 2016இல் வெளியே வந்தார். 2020 டிசம்பரில் டிரம்ப் பொதுமன்னிப்பு வழங்கினார். இடையில் 2018இல் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்’ சட்டம் வந்து இந்த அடுக்குத் தண்டனையைத் திருத்தியது. முந்தைய தண்டனை இறுதியான பிறகு மறுபடி குற்றம் செய்தால்தான் இனி அந்த 25 ஆண்டுகள்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அந்தத் திருத்தத்தை முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்தவில்லை. 2018 டிசம்பருக்கு முன்பே தண்டனை விதிக்கப்பட்டவர்களில் பலர் பழைய கணக்கிலேயே கிடக்கிறார்கள். அதே குற்றம், அதே பிரிவு, தேதி மட்டும் வேறு! அவர்களுக்கும் வழிவிட, ஜனநாயகக் கட்சியின் டர்பின், குடியரசுக் கட்சியின் கிராஸ்லி என்ற இரு செனட்டர்கள் 2021இல் மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை.

நன்றியுரை முடிந்ததும் வாசல் மேசைக்கு வாருங்கள். அந்தத் திருத்தத்தைப் பழைய கைதிகளுக்கும் பொருந்தச் செய்யுங்கள் என்று கேட்கும் அச்சிட்ட கடிதங்கள் அங்கே இருக்கின்றன. உங்கள் செனட்டர்கள் இருவரின் பெயர், உங்கள் முகவரி, கையெழுத்து, இவ்வளவுதான் வேண்டும். உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. அச்சடித்த தாளைவிட அதைத்தான் அலுவலகத்தில் படிப்பார்கள். இளைஞர்களே, தாத்தா பாட்டிக்கு ஆங்கிலத்தில் அந்த இரண்டு வரியை நீங்கள் எழுதிக் கொடுங்கள். வணக்கம்.