மேல்தட்டு எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வசதி உள்ளவர்களை மேல்தட்டு என்கிறோம், இல்லாதவர்களை அடித்தட்டு என்கிறோம். இந்த மேலும் கீழும் எங்கிருந்து வந்தன? செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் ஒரு கதையை எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் அடுக்குமாடிகளில் பணக்காரர்கள் கீழ்த்தளங்களில் குடியிருந்தார்கள். கூரைக்கு அடியில் இருந்த சின்ன அறைகள் வேலைக்காரர்களுக்கு. காரணம் படிக்கட்டுதான். தண்ணீரையும் விறகையும் தூக்கிக்கொண்டு யார் ஆறு மாடி ஏறுவது? 1857இல் நியூயார்க்கில் ஒரு கடையில் ஓட்டிஸ் என்ற அமெரிக்கரின் பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உச்சி மாடிக்கு மவுசு வந்தது. காற்றும் வெளிச்சமும் முன்பும் அங்கேதான் இருந்தன. ஏறுகிற சிரமம் போனதும் பணம் மேலே ஏறிவிட்டது.

1895இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 'டைம் மெஷின்' நாவலை எழுதினார். எட்டு லட்சம் ஆண்டுகளுக்குப் பிந்தைய உலகம் அது. உழைத்தவர்களின் வாரிசுகள் நிலத்துக்கு அடியில் இயந்திரங்களோடு கிடக்கிறார்கள், சொகுசாக வாழ்ந்தவர்களின் வாரிசுகள் வெயிலில் விளையாடுகிறார்கள். தன் காலத்து லண்டனின் சுரங்க ரயிலையும் நிலவறைப் பட்டறைகளையும் பார்த்துத்தான் அவர் இதை யோசித்தார்.

செவ்வாயில் இந்தப் படம் தலைகீழாகிவிடும். அங்குள்ள காற்றின் அழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பூமியைப் போல முழுக் கிரகத்தையும் காக்கும் காந்தப்புலமும் கிடையாது. விண்வெளிக் கதிர்வீச்சு நேராகத் தரைக்கு வந்துவிடும். சில மீட்டர் மண்ணுக்கு அடியில் இருப்பவருக்குத்தான் பாதுகாப்பு. அப்படியானால் காசுள்ளவர் ஆழத்துக்குப் போவார். சூரியத் தகடுகளின் மேல் படியும் தூசியைத் துடைப்பவர் மேலே நிற்பார். மேட்டுக்குடி என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் இருக்கும்?

சரி, எந்தத் தளம் என்பதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மூச்சு. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மாக்சி என்று ஒரு சின்னக் கருவி போயிருந்தது. செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து அது ஆக்சிஜனைப் பிரித்தது. 2021இலிருந்து 2023 வரை 16 முறை ஓடி, மொத்தம் 122 கிராம் தயாரித்தது. அருமையான சாதனை. ஆனால் ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். அங்கே ஒரு குடியிருப்பு வந்தால், பெரிய இயந்திரங்கள் இரவு பகலாக ஓடியாக வேண்டும். அவை யாருக்குச் சொந்தம்?

பூமியில் ஒரு தொழிலாளியை முதலாளி வேலையிலிருந்து நீக்கினால், அந்தத் தொழிலாளி வீதிக்கு வருவார். துயரம்தான். ஆனாலும் வீதி என்று ஒன்று இருக்கிறது, அங்கே மூச்சுவிடக் காசு கேட்பார் இல்லை. வேலை கொடுப்பவரே காற்றையும் கொடுக்கிற ஊரில், 'வெளியே போ' என்ற இரண்டு சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேலைநிறுத்தம் செய்வது எப்படி? கூலி போதாது என்று வாய் திறப்பது எப்படி? கடன்பட்டவர் ஓடிப் போக அடுத்த ஊர் ஏது? மரபணுவைத் திருத்திப் பிறந்த உயர்குடிகளைப் பற்றி ஏராளமான கதைகள் வந்துவிட்டன. காற்றுக்குக் கடன்பட்டவர்களைப் பற்றித்தான் இன்னும் நிறைய எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் கதையில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்கிற ஒரு பெண் வருகிறாள். அவள் ஒரு நாள் வராவிட்டால் நானூறு பேருக்குத் தலை சுற்றும். அவளை அந்த ஊர் எங்கே வைக்கும்? தமிழில் எழுதும்போது இதைத் தள்ளிப்போடவே முடியாது. ஆழத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும்: 'வா' என்பதா, 'வாங்க' என்பதா? முதல் வரைவில் என் கை தானாகவே 'வா' என்று எழுதிவிட்டது. முந்நூறு ஆண்டு தள்ளி, வேறொரு கிரகத்தில், அவள் கையில் எல்லோருடைய உயிரும் இருக்கும்போதும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மறுநாள் அதை அடித்துவிட்டு 'வாங்க' என்று மாற்றினேன். மாற்றியதும் அந்த ஆழத்து வீட்டுக்காரர் வேறு ஆளாகிவிட்டார். அவர் வீட்டில் அவள் உட்கார ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. அந்தக் காட்சியை முதலிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.