இ-ரீடர்ல தமிழ் உடையுதா? ஃபார்மேட்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. கிண்டில், கோபோ எதுவா இருந்தாலும் தமிழ் எழுத்து உடைஞ்சதும் எல்லாரும் முதல்ல செய்யுறது, காலிபர்ங்கிற இ-புத்தக மென்பொருளை கம்ப்யூட்டர்ல திறந்து வேற ஃபார்மேட்டுக்கு மாத்துறது. பாதி நேரம் அது வீண் வேலை. எப்படி உடைஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க.

இதோ, திரையில நாலு மாதிரி இருக்கு. முதலாவதுல வெறும் கட்டம் கட்டமா வருது. ஃபாண்ட்ல தமிழ் எழுத்தே இல்லை, அவ்வளவுதான். நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒரு ஃபாண்டை கேபிள் போட்டு ரீடர்ல இருக்குற ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள வைங்க. கோபோவுல அந்த ஃபோல்டர் இல்லைன்னா நீங்களே உருவாக்கணும்.

ரெண்டாவது, 'கெ'ன்னு வர வேண்டிய இடத்துல ஒற்றைக்கொம்பு 'க'வுக்குப் பின்னாடி போய் நிக்குது. இங்க ஃபாண்டை மாத்தி ஒண்ணும் ஆகாது. யுனிகோடுல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற பொதுக் குறியீட்டுல, முதல்ல 'க', அப்புறம்தான் கொம்பு. கொம்பை முன்னாடி கொண்டுவந்து வைக்கிறது ரீடர்ல இருக்குற மென்பொருளோட வேலை. அது அந்த வேலையைச் செய்யலை. கோபோவுல ஈபப்ங்கிற சாதாரண இ-புத்தக ஃபார்மேட்டைக் காட்டுறது ஒரு மென்பொருள், கோபோவோட சொந்த ஃபார்மேட்டான கெபப்பைக் காட்டுறது வேற ஒண்ணு. அதனால அதே புத்தகத்தை கெபப் ஆக்கிப் பாருங்க. அப்பவும் சரியாகலைன்னா கேஓரீடர்ங்கிற இலவச வாசிப்பு மென்பொருளை ரீடர்ல போட்டுக்கலாம். அதுல எழுத்தை ஒழுங்கா அடுக்குற ஹார்ஃப்பஸ்ங்கிற மென்பொருள் இருக்கு, கொம்பு, துணைக்கால் எல்லாம் ஒழுங்கா உட்காரும்.

மூணாவதுதான் தலைவலி. கொம்புக்குப் பக்கத்துல புள்ளி வட்டம் ஒண்ணு தெரியுது பாருங்க. இதுல ரீடர் மேல தப்பே இல்லை, புத்தகத்துக்குள்ள இருக்குற எழுத்துதான் தப்பு. பிடிஎஃப்லேருந்து மாத்தின புத்தகத்துலதான் இது பெரும்பாலும் வரும். பிடிஎஃப் வார்த்தையைச் சேமிக்கிறதில்லை, தாள்ல எந்த உருவம் எங்க நிக்குதுங்கிறதைத்தான் சேமிக்குது. உருவி எடுக்கும்போது 'கொடி'ங்கிறது கொம்பு, 'க', கால், 'டி'ன்னு கண்ணுக்குத் தெரியுற வரிசையிலேயே வந்துடும்.

காலிபரோட எடிட்டர்ல ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ஒரே மாதிரி அமைப்பைத் தேடி மாத்துற குறியீடு) வச்சு, கொம்பு முன்னாடி எழுத்து பின்னாடின்னு இருக்குறதை இடம் மாத்தலாம். ஆனா ஜாக்கிரதை! 'கைகள்'னு ஒழுங்கா இருக்குற வார்த்தையிலயும் 'ை'க்கு அடுத்து 'க' வருது. பாதி சரியா, பாதி தப்பா இருக்குற ஃபைல்ல ஒரே தட்டா மாத்தினா நல்லா இருந்ததும் கெட்டுப்போகும். முழுசும் தப்பா இருந்தா மட்டும் செய்யுங்க, பழைய ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு. 'கௌ', 'கெள' ரெண்டும் குழம்பும், அதுக்குக் கண்ணுதான் கருவி. வார்த்தையோட முதல் எழுத்தை மட்டும் பெருசு பண்ணின புத்தகத்துலயும் இந்த வட்டம் வரலாம். 'க'வை மட்டும் ஒரு டேக்குக்குள்ள (புத்தகத்தோட உள்குறியீடு) வச்சு, காலை வெளியில விட்டிருப்பாங்க.

நாலாவது, முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சது. என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல யுனிகோடா மாத்தின பிறகுதான் ஈபப் பத்தியே யோசிக்கணும்.

பிடிஎஃப்பை அப்படியே படிக்கலாமேன்னு கேட்பீங்க. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம். 6 இன்ச் திரை சுமார் 9 செ.மீ.தான். 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட்டா சுருங்கிடும். படுக்கை வாக்குல திருப்பினாலும் 7 பாயின்ட்தான். கேஓரீடர்ல ரீஃப்ளோ போடுங்க. அது பக்கத்தைப் படமா எடுத்து, வார்த்தை வார்த்தையா வெட்டி அடுக்கும். படம்ங்கிறதால பாமினியா யுனிகோடான்னு அதுக்குக் கவலையே இல்லை.  ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துல இருந்து எடுக்குறீங்கன்னா ஏ4-ஐத் தொடாதீங்க, பக்கத்துலயே ஈபப்பும் 6 இன்ச் பிடிஎஃப்பும் இருக்கும்.

கிண்டில்காரங்களுக்கு ஒண்ணு. ஈபப்பை கேபிள்ல போட்டா புத்தக வரிசையிலேயே வராது. 2022லேருந்து, புத்தகத்தை கிண்டிலுக்கு அனுப்புற அமேசானோட சென்ட் டு கிண்டில் சேவை அதை வாங்கிக்குது. மெயில்ல 50 எம்பி வரைக்கும், வலைப்பக்கம் வழியா 200 எம்பி வரைக்கும். கேபிள்தான் வேணும்னா ஏஇசட்டபிள்யூ3ங்கிற கிண்டில் ஃபார்மேட்டா மாத்துங்க. மாத்தும்போது காலிபர்ல மொழிங்கிற இடத்துல தமிழ்னு போடுங்க. அது ஆங்கிலம்னு கிடந்தா, ரீடர் வரிக் கடைசியில வார்த்தையைப் பிரிக்கிறதுக்கும் அகராதிக்கும் ஆங்கிலத்தையே எடுத்துக்கும்.

அப்புறம் வரி அமைப்பு. 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' மாதிரி நீள வார்த்தை சின்னத் திரையில கிட்டத்தட்ட ஒரு வரியையே பிடிச்சுக்கும். ரெண்டு ஓரமும் நேரா வர்ற மாதிரி ஜஸ்டிஃபை வச்சிருந்தா முந்தின வரியில ரெண்டே வார்த்தை, நடுவுல பெரிய ஓட்டை. இடது ஓரம் மட்டும் நேரா வைங்க. வரி இடைவெளியை 1.4லேருந்து 1.5 வரைக்கும் வச்சுப் பாருங்க. 'ஞூ', 'நூ' எல்லாம் கீழ இறங்குற எழுத்து, நெருக்கினா அடுத்த வரியில இருக்குற 'கீ', 'மீ'யோட மேல் சுழியில இடிக்கும்.