தந்திக் கருவியின் முன் யார் அமரலாம்?

[காட்சி: கல்கத்தா – டைமண்ட் ஹார்பர் பழைய வரைபடம்]

இந்தியாவின் முதல் தந்தித் தடத்தை 1850இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே டாக்டர் ஓஷானெஸ்ஸி தொடங்கினார். அவருக்கு வலக்கையாக நின்றவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளி. டைமண்ட் ஹார்பர் முனையிலிருந்து முதல் செய்தியை அனுப்பியவரும் அவரே. இந்தியருக்கு இந்த வேலை வராது என்று சொல்ல, தொடக்கத்திலிருந்தே யாருக்கும் இடமில்லை.

ஆனாலும் அந்த நாற்காலி கைமாறியது. 1857 கிளர்ச்சியின்போது தங்களைக் காத்தது தந்திதான் என்று ஆங்கிலேயர் நம்பினார்கள். படை நகர்வும் அரசு இரகசியமும் போகும் கம்பியில் ஐரோப்பியரும், ஐரோப்பிய-இந்தியக் கலப்பு வழிவந்த ஆங்கிலோ-இந்தியரும் உட்கார்வதே பாதுகாப்பு என்று முடிவானது. ஊழியர்கள் இரண்டு அடுக்காகப் பிரிந்தார்கள். எந்த ஊருக்கு மாற்றினாலும் போக வேண்டிய பொதுப் பிரிவுக்குக் கூடுதல் சம்பளம். சொந்த ஊரிலேயே இருக்கும் உள்ளூர்ப் பிரிவுக்குக் குறைவு. இந்தியர் பெரும்பாலும் இதில்தான். இதை நிர்வாக வசதி என்று மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

தபால் பக்கம் கதவு சற்றே திறந்திருந்தது. 1881இல் ராய் சாலிக்ராம் வடமேற்கு மாகாணங்களின் (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) தபால் துறைத் தலைவரான போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக உயர்ந்தார். இந்தியர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அக்காலத்தில் சிறிய செய்தியல்ல.

[காட்சி: மோர்ஸ் கருவி, அருகில் யாருமில்லை]

1908இல் கல்கத்தா, பம்பாய், சென்னை, ரங்கூன் தந்தி நிலையங்களில் கருவிகள் ஓய்ந்தன. புதிய பணிமுறையை எதிர்த்து வேலைநிறுத்தம். விசுவாசமானவர்கள் என்று அரசு பொறுக்கியெடுத்த ஆங்கிலோ-இந்தியரும் அதில் முன்வரிசையில் நின்றார்கள். இனத்தைப் பார்த்து ஆள் சேர்த்தால் நிம்மதியாக இருக்கலாம் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது.

1914இல் தபாலும் தந்தியும் ஒரே இலாகாவாயின. 1930களில் குருநாத் பேவூர் என்ற இந்தியர் அதன் டைரக்டர் ஜெனரலானார். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது அங்கிருந்த இலாகாவும் தனியானது.

1947இல் ஒவ்வொரு ஊழியரிடமும் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: இந்தியாவா, பாகிஸ்தானா? தற்காலிகமாக ஒரு நாட்டைத் தேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் முடிவை மாற்றிக்கொள்ளலாம். வீடு, பிள்ளைகளின் படிப்பு, பணிமூப்பு எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் தீர்த்துவிட வேண்டிய நிலை.

[காட்சி: அரசியலமைப்பின் 336ஆவது உறுப்பு]

ஆங்கிலோ-இந்தியர் நிலையைச் சுதந்திர இந்தியா ஒரே நாளில் பறித்துவிடவில்லை. ரயில்வே, சுங்கம், தபால் தந்தி வேலைகளில் அவர்களுக்கு 1947 ஆகஸ்ட் 15க்கு முன்பிருந்த அதே நியமன அடிப்படை, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடரும் என்றது 336ஆவது உறுப்பு. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒதுக்கீட்டில் பத்து சதவீதம் குறையும். தலைமுறை தலைமுறையாக ஒரே வேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்குக் காலம் கொடுத்த இந்த ஏற்பாடு நியாயமானது என்றே கருதுகிறேன். அதற்குள் பல குடும்பங்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிவிட்டன. இந்த ஒதுக்கீட்டுக்கான பத்தாண்டு கெடு 1960 ஜனவரியில் முடிந்தது.