வேலூர் வெயிலும் பாலைவன உடும்பும்: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்று விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வியைக் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளமான கேள்வி என்பதால் சுருக்கி வாசிக்கிறேன்: "ஐயா, சிறிய பாலைவன உடும்புக் குட்டி ஒன்றை ஒருவர் எனக்கு விற்பதாகச் சொல்கிறார். ஆக்கி மானிட்டர் என்று அதற்குப் பெயராம். வெளிநாடுகளில் இதற்கு விளக்குப் போட்டுச் சூடு உண்டாக்குகிறார்கள். நம் ஊர் வெயிலே பாலைவன வெயில்தானே? மொட்டைமாடியில் தகரக் கூரைக்கு அடியில் கண்ணாடித் தொட்டியை வைத்து, மின்சாரச் செலவில்லாமல் வளர்த்துவிட முடியாதா? சட்டச் சிக்கல் ஏதேனும் உண்டா? கடிக்குமா என்று அம்மாவும் கேட்கிறார்கள்."

தம்பி, மாடியில் அப்படி வைத்தால் அந்தக் குட்டி சித்திரை மாதத்தைத் தாண்டாது. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்பு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இருக்கும் பெயரே வழுக்கலான பெயர்.

"பாலைவன உடும்பு" என்று தமிழில் சொன்னால் அது இரண்டு வேறு விலங்குகளைக் குறிக்கக்கூடும். ஒன்று, வட ஆப்பிரிக்காவிலிருந்து நம் ராஜஸ்தான், குஜராத் வரையுள்ள வறண்ட நிலங்களில் வாழும் வாரனஸ் கிரீசியஸ். மற்றொன்று, வட ஆஸ்திரேலியாவில் பாறையும் முட்புல்லும் மண்டிய வறண்ட பகுதிகளில் வாழும் வாரனஸ் அகாந்துரஸ். பூலஞ்சர் என்ற விலங்கியல் அறிஞர் 1885ஆம் ஆண்டில் விவரித்த இந்த இனத்தைத்தான் வளர்ப்பவர்கள் ஆக்கி என்று அழைக்கிறார்கள். அகாந்துரஸ் என்றால் முள்வால் என்று பொருள். முழுதாக வளர்ந்தாலும் மூக்கு முதல் வால் நுனி வரை இரண்டடிக்குச் சற்றே கூடுதலாக இருக்கும், அதிலும் பாதிக்கு மேல் வால்தான்.

முதலில் சொன்ன வாரனஸ் கிரீசியஸ், நம் ஊர்ப்பக்கம் ஏரிக்கரையிலும் ஜவ்வாது மலையடிவாரத்திலும் நாம் பார்க்கிற சாதாரண உடும்பு, இன்னும் இரண்டு இனங்கள் என இந்தியாவில் இயற்கையாக வாழும் நான்கு உடும்பினங்களும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இவற்றைப் பிடித்தாலோ, விற்றாலோ, வீட்டில் வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. "குட்டியாகக் கிடைத்தது, பரிதாபப்பட்டு வளர்த்தேன்" என்ற பதில் அங்கே செல்லாது.

ஆஸ்திரேலிய இனத்தின் நிலை வேறு. அதை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய அந்த நாடு அனுமதிப்பதில்லை. உலகச் சந்தையில் முறைப்படி இருப்பவை பிற நாடுகளில் தலைமுறை தலைமுறையாக மனிதர் பராமரிப்பில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. அது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நம் சட்டத்தில் 2022ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகைய விலங்கு கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பதிவுசெய்ய வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் முட்டை பொரித்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். ஆகவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வெறும் ரசீதை அன்று, அந்த விலங்கு அவர் பெயரில் பதிவாகியிருப்பதற்கான ஆவணத்தை. அதைக் காட்டத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நம் ஊர் உடும்பின் குட்டி, பெரிய உடும்பைப் போல மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்காது. மஞ்சள் புள்ளிகளோடு மினுமினுவென்று அழகாக இருக்கும். விவரம் தெரியாதவரிடம் அதை வெளிநாட்டு இனம் என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. கேள்வியோடு நீங்கள் அனுப்பிய குட்டியின் படத்தில் தலையும் முதுகும் மட்டுமே தெரிகின்றன, வால் தெரியவில்லை என்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆக்கியின் வால் உருண்டு, வளையம் வளையமாக முள் செதில்கள் அடுக்கியது. தடவினால் சொரசொரவென்று குத்தும். நம் உடும்பின் வால் பக்கவாட்டில் தட்டையானது, முள் கிடையாது. மூக்குத்துளையும் வட்டமாக இல்லாமல் கீறல் போலச் சாய்ந்திருக்கும். வாலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி வெயிலுக்கு வருவோம். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. கத்திரி வெயில் நாட்களில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டுகிற இந்த ஊரைப் பாலைவனத்தோடு ஒப்பிடத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பாலைவனத்து விலங்கு வெயிலில் வாழ்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் பிழை. அது வெயிலிலிருந்து ஒதுங்கத் தெரிந்ததால் வாழ்கிறது.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த காலத்தில், ஒரு மே மாத நண்பகலில் மாணவர்களோடு மலைச்சரிவு ஒன்றில் நின்றிருந்தோம். பாறையின் மேல் கை வைக்க முடியவில்லை. அதே பாறையின் அடியிலிருந்த இடுக்குக்குள் ஒரு குச்சியில் வெப்பமானியைக் கட்டி நுழைத்தபோது உள்ளே வீட்டு நிழலைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. குச்சியின் நுனியில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தது. (கையை விட்டுப் பார்க்காதீர்கள், அந்த இடத்தைப் பாம்பும் விரும்பும்.) ஆக்கி வாழ்வதும் இப்படிப்பட்ட இரண்டு உலகங்களுக்கு நடுவில்தான். காலையில் சுடுகல்லின் மேல் படுத்து உடலைச் சூடேற்றிக்கொண்டு, இரை தேடி, வெப்பம் மிகும்போது வளைக்குள்ளோ பாறை இடுக்கிலோ புகுந்து, உடலை உப்பவைத்து நெருக்கிக்கொண்டு, முள்வாலை வாசலில் கதவு போல வைத்துவிடும்.

அதனால் வளர்ப்பவர் கொடுக்க வேண்டியது சூட்டை மட்டும் அன்று, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் இடையே தேர்ந்துகொள்ளும் வசதியை. விளக்கின் நேர் கீழே உள்ள கல்லின் மேற்பரப்பு 55 முதல் 60 டிகிரி வரை இருக்கலாம். கேட்பதற்குப் பயமாக இருந்தாலும் விலங்கு அங்கே சில நிமிடங்கள் படுத்து நகர்ந்துவிடும். அதே பெட்டியின் மறுமுனை 28 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். உடும்பின் உடல் வெப்பம் 45 டிகிரியை நெருங்கிவிட்டால் பிழைப்பது அரிது. தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் பகல் 12 மணிக்கு மறுமுனை என்ற ஒன்றே இல்லை; நான்கு மூலையும் அடுப்புதான். வெளிநாட்டில் வளர்ப்பவர் சூட்டுக்குச் செலவழிக்கிறார் என்றால், வேலூரில் வளர்ப்பவர் குளிர்ச்சிக்குச் செலவழிக்க வேண்டும். விளக்குக்கு ஆகும் மின்சாரம் சிறிது. கோடையில் அறையைத் தணித்து வைப்பதற்கு ஆவதுதான் பெரிது. மின்வெட்டு நேரத்துக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கை மண்ணே கொடுத்துவிடும், ஆழமாக இருந்தால். நான்கடி நீளம், இரண்டடி அகலம் உள்ள பெட்டியில் குறைந்தது ஓரடி ஆழத்துக்கு மண் நிரப்ப வேண்டும், ஒன்றரை அடி என்றால் இன்னும் நல்லது. வெறும் ஆற்று மணல் உதவாது. தோண்டத் தோண்டச் சரிந்து, வளைக்குள் இருக்கும் குட்டியின் மேலேயே விழும். பாலாற்று மணலுக்கு இன்று இருக்கும் தட்டுப்பாட்டில் அதைத் தேடி அலையவும் வேண்டாம். நம் பக்கத்துச் செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கும் அளவுக்கு ஈரமாக்குங்கள். மேல்மண் காய்ந்து கிடக்கலாம், அடிமண் காயக்கூடாது. ஈரமான வளை இல்லாத உடும்புக்குத் தோல் சரியாக உரியாமல் விரலிலும் வால் நுனியிலும் வளையமாக இறுகி, இரத்த ஓட்டம் நின்று, அந்த நுனியே உதிர்ந்துபோகும். நாள்பட்ட நீர்க்குறைவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெண்ணாக இருந்தால், ஆணே இல்லாமலும் முட்டை வைக்கக்கூடும். தோண்டுவதற்கு ஏற்ற மண் கிடைக்காவிட்டால் முட்டையை வயிற்றிலேயே அடக்கிவைத்து இறந்துவிடவும் கூடும். இவ்வளவு மண்ணின் எடை ஏறத்தாழ 300 கிலோ என்பதையும் கணக்கில் வையுங்கள். சாதாரண மேசை தாங்காது. கீழ்த்தளத்தில், வடக்குப் பார்த்த அறையில், தரையிலேயே வைப்பது நல்லது.

வெப்பத்தை அளக்க, கொரோனா காலத்தில் நம் நெற்றிக்கு நேரே காட்டினார்களே, அந்தக் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். அது காய்ச்சல் பார்ப்பதற்கு அமைந்தது. பட்டறைகளில் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். வெளிச்சத்துக்குப் புற ஊதா விளக்கு தனியாகத் தேவை. சன்னல் வழியே வெயில் வருகிறதே என்று நினைக்க வேண்டாம். எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரோவானா மீன் வளர்ப்பவர்களுக்காக விற்கிற சில்வண்டும் புழுவும் போதும், அவற்றின் மேல் கால்சியம் தூளைத் தூவிக் கொடுங்கள். வீட்டுக் கரப்பானையும் வயல் வெட்டுக்கிளியையும் பிடித்துப் போடாதீர்கள், அவற்றில் மருந்தடித்த நஞ்சு இருக்கும். கறிக்கடைத் துண்டுகளை மட்டுமே போட்டு வளர்த்தால் கால்சியம் இல்லாமல் எலும்பு வளைந்துவிடும்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்: கடிக்கும், ஆனால் பெரும்பாலும் ஓடி ஒளியும். உடும்புப் பிடி என்று நாம் சொல்வதற்கு ஏற்ப நகம் ஆழமாகப் பதியும். வளர்ந்த பிறகு உங்களை அடையாளம் கண்டு, கையருகே வந்து இரை வாங்கிக்கொள்ளும். மடியில் கிடத்திக் கொஞ்சுவதற்கான பிராணி அன்று. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுக்கு மேலும் இருக்கும். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் பக்கத்தில் கிடைப்பது கடினம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகவேண்டி வரலாம். சலித்துவிட்டது என்று ஜவ்வாது மலையில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடவே கூடாது.

என்னைக் கேட்டால், ஆவணம் சரியாக இருந்தாலும் இப்போது வாங்க வேண்டாம் என்பேன். முதலில் பெட்டியைச் செய்து, மண் நிரப்பி, விளக்கைப் போட்டு, குட்டி இல்லாமலேயே கத்திரி வெயில் முடியும்வரை ஓடவிடுங்கள். காலை 8 மணி, பகல் 2 மணி, இரவு 9 மணி என்று மூன்று வேளையும் சுடுகல், மறுமுனை, ஓரடி ஆழ மண் ஆகிய மூன்றின் வெப்பத்தையும் ஒரு நோட்டில் குறித்து, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.